சாவி யார் இடுப்பில்?

கால்சோய் தீவுக்குப் போகும் படகு சிறியது. பெயர் 'சாம்'. கோடைக்காலத்தில் கிளாக்ஸ்விக் துறைக்கு முன்னதாகவே வந்து வரிசையில் நிற்காவிட்டால் காரோடு ஏற இடம் கிடைக்காது. அடுத்த நடைக்குத்தான் காத்திருக்க வேண்டும். அக்கரை சேர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் மழை வந்தது, வெயில் வந்தது, மறுபடியும் மழை வந்தது. உள்ளூர்க்காரர்கள் காரைவிட்டு இறங்கவே இல்லை. வெளியூர்க்காரர்கள்தான் மேல்தளத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஃபரோ தீவுகள் வட அட்லாண்டிக்கில் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே கிடப்பவை. மொத்தம் 18 தீவுகள். மக்கள் ஐம்பத்தைந்தாயிரத்தைச் சுற்றி. ஆடுகள் அதைவிட அதிகம். டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட நிலம்தான். ஆனால் தனிப் பாராளுமன்றம், தனிக் கொடி, தனி மொழி எல்லாம் உண்டு. மரம் என்று சொல்லத்தக்கதாக மலைகளில் எதுவும் இல்லை. கடலிலிருந்து நேராக எழும் கரும்பாறை, அதன் மேல் பச்சைப்புல், அதற்கும் மேல் மேகம். விமானம் இறங்கும் வாகர் தீவிலிருந்து கிளாக்ஸ்விக் வரை காரிலேயே வந்துவிடலாம்; கடலுக்கு அடியில் சுரங்கச் சாலைகள் போட்டிருக்கிறார்கள். 2020-இல் திறந்த ஒன்றில் கடலடியிலேயே ஒரு ரவுண்டானா இருக்கிறது. இவ்வளவு வந்த பிறகும் கால்சோய்க்குப் படகுதான்.

கால்சோய் பதினெட்டு கிலோமீட்டர் நீளமான ஒல்லித் தீவு. மலையைக் குடைந்த சுரங்கங்கள் வரிசையாக இருப்பதால் ஊர்க்காரர்கள் அதைப் புல்லாங்குழல் என்று செல்லமாகச் சொல்வார்கள். சுரங்கங்களில் ஒரே தடம். விளக்கு கிடையாது. எதிரே வெளிச்சம் தெரிந்தால் பக்கத்தில் ஒதுங்க வெட்டியிருக்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும். இருட்டுக்குள் போய், வெளிச்சத்துக்கு வந்து, மறுபடி இருட்டுக்குள் நுழைந்து மிக்லதாலுர் என்ற ஊரில் இறங்கினேன். சரிவில் கொஞ்சம் வீடுகள், ஒரு கல் தேவாலயம், ஒரு ஓடை. ஓடை கடலில் விழும் இடத்துக்குப் படிக்கட்டு இறங்குகிறது. கீழே அலையடிக்கும் பாறைமேல் அவள் நிற்கிறாள்.

அவளுக்கு இங்கே கோப்பாகோனன் என்று பெயர், கடல்நாய்ப் பெண். ஸ்காட்லாந்தின் வட தீவுகளில் செல்கி என்பார்கள். வெண்கலமும் எஃகும் கலந்த சிலை. உயரம் 2.6 மீட்டர், எடை 450 கிலோ. ஹன்ஸ் பவுலி ஓல்சன் என்ற ஃபரோச் சிற்பி செய்து 2014 ஆகஸ்டில் நிறுவப்பட்டது. பதின்மூன்று மீட்டர் அலையைத் தாங்கும்படி வடிவமைத்தார்களாம். மறு ஆண்டுத் தொடக்கத்திலேயே சோதனை வந்தது. பதினொன்றரை மீட்டர் அலை தலைக்கு மேலே புரண்டுபோனது. சிலை அசையவில்லை.

பெண் உடம்பு. கையில் உரித்த தோல் தொங்குகிறது. தோலைக் கழற்றுகிறாளா, போட்டுக்கொள்ளப் போகிறாளா என்று பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். கரை பக்கமிருந்து பார்த்தால் வந்தவள்போல இருக்கிறாள். பாறை முனையில் நின்று பார்த்தால் போகிறவள்போல இருக்கிறாள்.

அவள் கதை இது.

தாமே கடலில் விழுந்து உயிரை விட்ட மனிதர்கள்தாம் கடல்நாயாகிறார்கள் என்பது இந்தத் தீவுகளின் பழைய நம்பிக்கை. வருடத்தில் ஒருநாள், கிறிஸ்துமஸ் கழிந்து பதின்மூன்றாம் நாள் இரவில், அவை கரையேறித் தோலைக் கழற்றி வைத்துவிட்டு மனிதராக ஆடிப்பாடும். விடிவதற்குள் தோலை மாட்டிக்கொண்டு கடலுக்குத் திரும்பிவிட வேண்டும். மிக்லதாலுர் விவசாயி ஒருவன், வாலிபன், இதைப் பார்க்க ஒளிந்திருந்தான். அழகான ஒருத்தியின் தோலை எடுத்து மறைத்துக்கொண்டான். விடியும் வேளையில் மற்றவை கடலில் இறங்கிவிட்டன. அவள் தோலைத் தேடி வந்து அவனிடம் கெஞ்சினாள். கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவன் பின்னாலேயே வீட்டுக்குப் போனாள். தோலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டான். இரவும் பகலும் அது அவன் உடம்பைவிட்டுப் போகவில்லை. குழந்தைகள் பிறந்தன. வருடங்கள் ஓடின.

ஒருநாள் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும்போது இடுப்பைத் தடவிப் பார்த்தான். சாவி இல்லை. வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். இன்றைக்கு என் மனைவியை இழந்தேன் என்று படகிலேயே கத்தினானாம். துடுப்பை வலித்துக்கொண்டு எல்லாரும் கரைக்கு விரைந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பு அணைந்திருந்தது. கத்தி முதலான கூரிய சாமான்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு எட்டாதபடி எடுத்து வைக்கப்பட்டிருந்தன. பெட்டி திறந்து கிடந்தது.

நம்மில் பலருக்குத் தெரிந்த செல்கிக் கதை இதோடு முடிந்துவிடும். மிக்லதாலுர்க் கதை முடிவதில்லை. அவளுக்குக் கடலில் ஒரு கணவன் இருந்தான்; அவனோடு சேர்ந்துகொண்டாள். பிள்ளைகள் கரையில் விளையாடும்போது ஒரு கடல்நாய் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று ஊர் பேசியது. பல காலம் கழித்து ஊர் ஆண்கள் கடல்நாய் வேட்டைக்குக் கிளம்பினார்கள். முந்தின நாள் இரவு அவள் அந்த விவசாயியின் கனவில் வந்தாள். குகை வாசலில் கிடக்கும் பெரிய ஆண் நாய் என் கணவன், அவனை விட்டுவிடு. உள்ளே கிடக்கும் இரண்டு குட்டிகளும் என் மகன்கள், அவர்களையும் விட்டுவிடு என்று அடையாளம் சொன்னாள். அவன் பொருட்படுத்தவில்லை. மூவரும் கொல்லப்பட்டார்கள். பங்கு பிரித்தபோது பெரிய நாயின் தலையும் குட்டிகளின் கைகால்களும் அவனுக்கு வந்தன. அன்று இரவு அது உலையில் வெந்துகொண்டிருக்கும்போது அவள் பேயுருவில் வந்து நின்று சாபமிட்டாள். இந்த ஊர் ஆண்கள் கடலில் மூழ்கிச் சாவார்கள், மலைமுகட்டிலிருந்து விழுந்து சாவார்கள். செத்தவர்கள் கைகோத்து நின்றால் கால்சோய் தீவையே சுற்றி வளைக்கலாம் என்ற எண்ணிக்கை சேரும்வரை இது நிற்காது என்றாள்.

படிக்கட்டில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு கிலோமீட்டர் நீளமான தீவின் கரையைச் சுற்றினால் குறைந்தது நாற்பது கிலோமீட்டர் வரும். விரித்த கைக்கு ஒன்றேமுக்கால் மீட்டர் என்று வைத்தால், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வேண்டும். ஒரு சின்ன ஊர் எத்தனை நூற்றாண்டு செத்தாலும் எட்டாத எண். தீராத சாபம் வேண்டும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார்கள்.

அதில் பொய்யும் இல்லை. இங்கே ஆண்கள் அப்படித்தான் செத்தார்கள். திறந்த படகில் மீன்பிடிக்கப் போய் மூழ்கினார்கள். கடற்பறவை பிடிக்கக் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்கி விழுந்தார்கள். கால்சோயின் கிழக்கே குனோய் தீவு. அதன் மறுபுறக் கரையில் ஸ்கார் என்று ஓர் ஊர் இருந்தது. 1913 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மீன்பிடிக்கப் போன ஏழு ஆண்களும் திரும்பவில்லை. அந்த ஊரில் உழைக்கும் வயதில் இருந்த ஆண்கள் அவ்வளவு பேர்தான். சில ஆண்டுகளில் பெண்கள் வீடுகளைக் காலிசெய்துவிட்டு அண்டை ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஸ்கார் இன்று வெறும் இடிபாடு.

செல்கிக் கதை ஃபரோவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் இதன் வேறொரு வடிவத்தைச் சான்டே தீவின் விவசாயி வால்டர் டிரெய்ல் டெனிசன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்தார். அங்கே வேஸ்ட்னெஸ் என்ற இடத்துப் பண்ணைக்காரன் தோலைத் திருடுகிறான். நாலு மகன், மூன்று மகள் பிறக்கிறார்கள். அவள் வீட்டில் ஆளில்லாத நேரமெல்லாம் தோலைத் தேடுகிறாள். ஒருநாள் எல்லாரும் வெளியே போயிருக்க, காலில் புண் வந்த கடைக்குட்டி மகள் மட்டும் வீட்டில் இருக்கிறாள். என்னம்மா தேடுகிறாய் என்கிறாள். உன் காலுக்குச் செருப்புத் தைக்கத் தோல் தேடுகிறேன் என்கிறாள் தாய். கூரைச் சரிவுக்குள்ளிருந்து அப்பா ஒருநாள் அழகான தோல் ஒன்றை எடுத்துப் பார்த்ததைக் கண்டேனே என்று குழந்தை காட்டிக்கொடுக்கிறது. ஃபரோவில் கணவனின் மறதி தோலைக் கொடுக்கிறது என்றால், ஓர்க்னியில் மகளின் வாய் கொடுக்கிறது. ஐஸ்லாந்துக் கதையில் அவளுக்குக் கரையில் ஏழு பிள்ளை, கடலில் ஏழு பிள்ளை. எந்தப் பக்கம் போனாலும் ஏழு பேரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இதே கதைக்கூறு நம் பக்கமும் உண்டு. புரூரவனை விட்டு ஊர்வசி நீங்கியது ரிக்வேதத்திலேயே இருக்கிறது. ஜகதலப்பிரதாபன் கதையில் குளிக்க வந்த இந்திரன் மகளின் சேலையை நாயகன் தூக்குகிறான். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் அன்னப்பெண் கதைகள் என்று ஒரே குடும்பமாகத் தொகுக்கிறார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஒரு பத்து இருக்கிறது. ஆடையைத் தூக்கிக்கொண்டு குருந்தமரம் ஏறிவிட்ட கண்ணனிடம் தண்ணீரில் நின்ற பெண்கள் திருப்பித் தரும்படி கேட்கிறார்கள். அங்கே அது விளையாட்டு, பக்தி. ஆனாலும் கேட்கிறார்கள். பாட்டுக்குப் பாட்டு விடாமல் கேட்கிறார்கள். மிக்லதாலுர்ப் பெண்ணோ முதல் நாள் கெஞ்சியதோடு சரி. பிறகு வருடக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

கடல்நாயை நேரில் பார்த்தால் இந்தக் கதை ஏன் பிறந்தது என்று புரியும். கிளாக்ஸ்விக்குத் திரும்பிய மாலையில் துறைக்கு வெளியே ஒன்று தலையை மட்டும் நீட்டி என்னையே பார்த்தது. நாய்க்குரிய பார்வை இல்லை. யாரோ தெரிந்தவர் என்று நின்று பார்ப்பதுபோல இருந்தது. இத்தீவுகளில் குட்டிபோடும் இனம் சாம்பல் கடல்நாய் ஒன்றுதான். அதன் முன்துடுப்பின் எலும்பைப் பார்த்தால் ஐந்து விரல். மனிதக் கையின் அதே அமைப்பு. குட்டி வெள்ளை ரோமத்தோடு பிறந்து, சில வாரங்களில் அதை உதிர்த்துவிட்டுச் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த விலங்கும் ஆண்டுக்கொருமுறை கரையேறிப் படுத்து ரோமம் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். தாய்க்கடல்நாய் இரை எடுக்காமல் பட்டினி கிடந்து பதினெட்டு நாள்போலப் பால்கொடுக்கும். அப்புறம் குட்டியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி தன் கொழுப்பில் சில வாரம் தாக்குப்பிடித்து, பிறகு தானே நீந்தப் பழகும். பிள்ளையைக் கரையில் விட்டுக் கடலுக்குப் போகும் தாயை இந்த ஊர்க்காரர்கள் வருஷாவருஷம் பார்த்திருக்கிறார்கள்.

பார்த்தார்கள், கொன்றும் இருக்கிறார்கள். கடல்நாய் குட்டிபோடும் குகைகள் இங்கே நிலத்தோடு சேர்ந்த சொத்தாக இருந்தன. தோலும் கொழுப்பும் பணமாகும் பொருள்கள். இப்போது நிலைமை வேறு. மீன்பண்ணைக்காரர்கள் கடல்நாயைச் சுடுவதற்குக்கூட 2020-இல் தடை வந்துவிட்டது. அந்தக் காலத்தில், தோலை விற்றுப் பிழைத்த அதே ஊர் உட்கார்ந்து, அந்தத் தோல் ஒருத்தியின் உடம்பு, அவள் உயிர் என்று கதை சொல்லியிருக்கிறது. இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இன்றைக்கு உலகெங்கும் பெண்கள் இந்தக் கதையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெரிய காரணம் கிளாரிசா பிங்கோலா எஸ்டெஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1992-இல் வெளியிட்ட 'ஓநாய்களோடு ஓடும் பெண்கள்' என்ற நூல். தோல் என்பது ஆன்மா. வீடு, வேலை, பிறர் தேவை என்று நெடுநாள் கரையில் கிடந்தால் பெண் வறண்டுபோகிறாள். தன் தோலைத் தேடி எடுத்துத் தன் இடத்துக்குப் போய்வர வேண்டும் என்பது அவர் வாசிப்பு. எமி லிப்ட்ராட் 2016-இல் எழுதிய 'தி அவுட்ரன்' இன்னொரு கோணம். லண்டனில் மதுவில் மூழ்கியவர், பிறந்த ஓர்க்னிக்குத் திரும்பிக் காற்றிலும் குளிர்ந்த கடலிலும் மீண்டு எழுந்த தன் கதை அது. 2024-இல் சினிமாவாகவும் வந்தது. 'சாங் ஆஃப் தி சீ' என்ற 2014-ஆம் ஆண்டு அயர்லாந்து அனிமேஷன் படத்தைக் குழந்தைகளோடு பார்த்தவர்களும் இருப்பீர்கள்.

இந்த வாசிப்பு என்னையும் தொட்டதுதான். நான் தாமிரபரணிக் கரை ஊர்க்காரி. சிறுமியாக இருந்தபோது மண்டபத்து விளிம்பிலிருந்து ஆற்றில் குதித்து அக்கரை வரை நீந்துவேன். பெரியவளான பிறகு, "இனிமே படித்துறையிலேயே குளிச்சுட்டு வா" என்றார் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதோடு நீச்சல் போயிற்று. படிப்பு, வேலை, கல்யாணம், மாற்றலாகிப் போன ஊர்கள் என்று காலம் ஓடியது. தலைநரைத்த பிறகு ஒரு நீச்சல்குளத்தில், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் பயந்துகொண்டே இறங்கினேன். கை கால்கள் எதையும் மறக்கவில்லை. மூச்சு மட்டும் முன்போல நீளவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்த பெண் காலையில் போன பெண் அல்ல. அதன் பிறகுதான் செல்கிக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். அதுதான் இவ்வளவு தூரம் இழுத்தும் வந்தது.

ஆனால் சிலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, உன் தோலை நீயே தேடி எடுத்துக்கொள் என்ற அறிவுரை பாதிக் கதையைத்தான் பேசுகிறது என்று தோன்றியது. என் ஆற்றை எந்தக் கள்வனும் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. சாவி பல இடுப்புகளில் இருந்தது. அம்மாவின் பயத்தில், தெருவின் கண்ணில், நல்ல பெண் என்று பேரெடுக்கும் என் ஆசையில். இத்தனை பேர் கையில் இருந்ததை நான் தொலைத்தேன் என்று சொல்வதே சரியில்லை. எடுத்தவரை விட்டுவிட்டு இழந்தவளை மட்டும் தேடச்சொல்லும் எந்த உபதேசத்திலும் ஒரு வசதி இருக்கிறது. எடுத்தவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம்.

கிளாக்ஸ்விக்கில் நான் காப்பி குடித்த கடையில் பரிமாறியவர் தாய்லாந்துக்காரர். இந்தத் தீவுகளில் பெண்கள் குறைவு. படிக்க டென்மார்க்குக்கும் வேறு நாடுகளுக்கும் போகிற பெண்களில் பலர் திரும்புவதில்லை. ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 2,000 பேர் குறைவு என்று 2010களில் கணக்குச் சொன்னார்கள். தாய்லாந்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் முந்நூறு பெண்களுக்குமேல் கல்யாணம் செய்துகொண்டு வந்து குடியேறியிருந்தார்கள். கடல் தாண்டி வந்து, புரியாத மொழியில் பிள்ளை பெற்று, வெயில் இல்லாத ஊரில் குடும்பம் நடத்தும் பெண்கள். கூட்டம் குறைந்த நேரம். கால்சோய் போய்வந்தேன் என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? என் மகளிடமிருந்து தெரிந்துகொண்டேன்" என்று சிரித்தார். "எல்லாரும் அவள் போனதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் போனாளே, அதைப் பேச ஆளில்லை."

நான் அதைப் படித்திருந்தேன். ஆனால் நின்று யோசித்ததில்லை. இத்தனை வருடம் காத்திருந்த தோல் கைக்கு வந்துவிட்டது. கணவன் எந்த நிமிடமும் கரைக்கு வரலாம். அந்த நேரத்திலும் அவள் அடுப்படிக்குப் போய்த் தீயை அணைக்கிறாள், கத்தியை மேலே எடுத்து வைக்கிறாள். ஓடிப்போனவள் என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது. தன் சொந்த உருவத்துக்குத் திரும்புவதற்காகத் தாய் என்ற உருவத்தை அவள் உதறிவிடவில்லை. இரண்டும் அவள்தான். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அவளை நிறுத்தியது அந்தப் பூட்டு.

அவரே தொடர்ந்தார். "நான் வந்த புதிதில் என் கணவர் ஒரு காரியம் செய்தார். பாஸ்போர்ட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். ஊருக்குப் போகிற டிக்கெட் அளவுக்கு என் பெயரில் வங்கியில் பணம் போட்டுவைத்தார். இங்கே பிடிக்கவில்லை என்றால் என்னைக் கேட்காமலே போகலாம் என்றார். முதல் குளிர்காலத்தில் தினமும் போய்விடலாம் என்று நினைப்பேன். அந்தப் பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது."

எத்தனை வருடமாக என்று கேட்டேன். மகள் பள்ளி முடிக்கப்போகிறாள் என்றார்.

மிக்லதாலுர் விவசாயி முதல் நாளே தோலைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போயிருப்பாள். ஒருவேளை மறு வருஷம் அதே இரவில் ஆட வந்திருப்பாள். தானாக வந்து நின்றிருந்தால் அதற்குப் பெயர் வேறு. அந்த வாய்ப்பைத்தான் அவன் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

ஒரு மனிதருக்கு நடப்பது ஒரு சமூகத்துக்கும் நடக்கும். பதினாறாம் நூற்றாண்டில் வந்த மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஃபரோவில் கோயில், நீதிமன்றம், பள்ளி எல்லாவற்றிலும் டேனிஷ்தான் மொழி. ஃபரோ மொழிக்கு எழுத்து வழக்கே இல்லாமல் போயிற்று. அது வீட்டில் பேசுகிற பேச்சாகவும், கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டு பாடுகிற நெடும் கதைப்பாடல்களாகவும் மட்டும் உயிர் பிழைத்தது. 1846-இல் ஹம்மர்ஷைம்ப் என்ற பாதிரியார் அதற்கு எழுத்துமுறை வகுத்தார். 1888 டிசம்பர் 26 அன்று தலைநகர் தோர்ஸ்ஹாவ்னில் ஒரு கூட்டம் கூடி மொழியையும் மரபையும் காப்பதென்று உறுதி எடுத்தது. முதல் நாவல் 1909-இல் வந்தது. பள்ளிக்கூடத்தில் டேனிஷுக்குச் சமமான இடம் கிடைக்க 1938 ஆயிற்று. 1948-இல் தன்னாட்சிச் சட்டம் ஃபரோ மொழியை முதன்மை மொழி என்று ஏற்றது. நூறாண்டு ஆயிற்று. ஆனாலும் டேனிஷை விரட்டவில்லை. இன்றும் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தன் தோலை எடுத்துக்கொண்டவர்கள் அடுப்பையும் அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

இந்தக் கதைகளை யார் யாருக்குச் சொன்னார்கள் என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. பழைய ஃபரோ வீடுகளில் நெருப்பு எரியும் பெரிய அறை ஒன்று இருக்கும். குளிர்கால மாலைகளில் வீட்டார் எல்லாரும் அங்கே கூடுவார்கள். ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுப்பது, நூற்பது, பின்னுவது எல்லாம் ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்யும் வேலை. கை வேலையைச் செய்ய வாய் கதை சொல்லும். அந்த வட்டத்தில் செல்கிப் பெண்ணைப்போல மனதில் புழுங்கியவளும் இருந்திருப்பாள். இடுப்பில் சாவி தொங்கியவனும் இருந்திருப்பான். இருவரும் ஒரே கதையைக் கேட்டார்கள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். அவனுக்கு எச்சரிக்கை. சாபம் விழுந்தது அவன் தலையில், அவன் ஊர் ஆண்கள் தலையில், அவனுக்குப் பிறந்த மகன்கள் தலையில். பூட்டியவன் ஒருவன், மூழ்கினவர்கள் எத்தனையோ பேர். முதல் நாள் அவள் கெஞ்சியபோது கேட்கவில்லை, கனவில் வந்து கேட்டபோதும் கேட்கவில்லை. இரண்டு முறை காது கொடுக்காதவனுக்கு வந்த தண்டனை என்று இந்தக் கதையை வாசித்தால், அது பெண்கள் மட்டும் படிக்கவேண்டிய கதை இல்லை என்பது தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம், வெயில் பன்னிரண்டு டிகிரியைத் தாண்டினால் அங்கே அது கொண்டாட்டம். கார் இல்லாவிட்டாலும் கவலையில்லை, படகு வந்து சேரும் இடத்திலிருந்து பேருந்து இருக்கிறது. தீவின் வட கோடியில் திரொல்லனெஸ் ஊரிலிருந்து கால்லுர் கலங்கரை விளக்குக்கு நடந்து போகலாம். பாதை தனியார் நிலத்தில் போகிறது, கட்டணம் உண்டு, மூடுபனி வந்தால் முனைக்குப் போகாதீர்கள். பெரும்பாலோர் ஜேம்ஸ் பாண்ட் படம் எடுத்த இடம் என்று நேரே அங்கே போய்விட்டு, மிக்லதாலுரில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைசிப் படகைப் பிடிக்கிறார்கள். சிலைக்கு இறங்கும் படிகள் வழுக்கும், அலை பெரிதாக இருந்தால் மேலேயே நின்று பாருங்கள்.

அங்கே போகாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் தோல் எங்கே என்று தேடுவது நல்லதுதான், தேடுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை உங்கள் இடுப்பைத் தடவிப் பாருங்கள். மனைவியின் பாட்டு, மகளின் படிப்பு, மருமகளின் வேலை, வயதான தந்தை தனியாக இருக்க விரும்பும் வீடு, மகன் சொல்லத் தயங்கும் ஆசை என்று வீட்டில் யாருடைய தோலோ பூட்டிக் கிடக்கலாம். சாவி உங்களிடம் இருந்தால் அவர்கள் கெஞ்சும்வரை காத்திருக்காதீர்கள். கொடுத்துவிடுங்கள். திரும்பி வருவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவுசெய்யட்டும்.